இரண்டு கண்ணுக்கும் இடையில்

பானுப்ரியா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள் என்பது முத்தையாபுரத்தில் அவள் குடியிருந்த தெருவுக்குக் கொஞ்ச நாள் வேடிக்கையாக இருந்தது. அதற்கப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உடன்குடிக்காரி. கருப்பட்டி வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, கருப்பட்டி வியாபாரிக்கே வாக்கப்பட்டுத் தூத்துக்குடிக்கு வந்தவள். துறைமுகச் சாலையில் ஒரு சரக்குக் கிடங்கில் அலுவலக வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தாள். ஃபோர்க்லிஃப்ட் பழக யாருக்கு இஷ்டம் என்று மேனேஜர் ஒரு தடவை கேட்டபோது, உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போயிருந்த அவள் கையைத் தூக்கிவிட்டாள். வண்டி அவளுக்குப் படிந்துவிட்டது. இரும்புக் கொம்பு இரண்டையும் பலகைக்கு அடியில் கொடுத்துத் தூக்கும்போதே பாரம் எந்தப் பக்கம் சாயப்போகிறது என்பது அவள் முதுகுக்குத் தெரியும்.

அப்படியிருக்க, கன்டெய்னர் முனையத்தில் யார்டு கிரேன் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள், பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று செய்தி வந்தது. அவள் புருஷன் செந்தில்முருகன்தான் அதை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு அவளிடம் காட்டினான். ஏழு மாடி உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட ஒரு சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு, கீழே அடுக்கிக் கிடக்கிற கன்டெய்னர்களைத் தூக்கி லாரியில் வைக்கிற வேலை. பானுப்ரியா எழுத்துத் தேர்வில் தேறினாள், கண் பரிசோதனையில் தேறினாள், ரத்த அழுத்தமும் சரியாக இருந்தது. பயிற்சிக்கு எடுத்தவர்களில் அவள் ஒருத்திதான் பெண்.

முன்பெல்லாம் பயிற்சிக்கு வருகிறவர்களை நேரே கிரேனுக்கே கூட்டிப்போய்விடுவார்களாம். இப்போது கம்பெனி வி.ஆர். ஹெட்செட் வாங்கியிருந்தது. அதைத் தலையில் மாட்டிக்கொண்டால் கண்ணுக்கு முன்னால் கிரேன் அறை, காலுக்குக் கீழே கன்டெய்னர் அடுக்கிய யார்டு, தூரத்தில் கப்பல் எல்லாம் வந்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு கைப்பிடிகளை அசைத்து ஓட்டிப் பழகலாம். தப்பு செய்தாலும் எந்தக் கன்டெய்னரும் நசுங்காது, யார் காலும் போகாது. அதில் குறிப்பிட்ட பாடங்களை முடித்துத் தேறினால்தான் நிஜக் கிரேனில் கால்வைக்கலாம் என்பது விதி.

அந்த ஹெட்செட்டுகளுக்குப் பொறுப்பு ஈவாஞ்சலின். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள், பானுப்ரியாவைவிட ஐந்தாறு வயது இளையவள், கடற்கரைப் பெண். அவள் வீட்டு ஆம்பிளைகள் எல்லாரும் கப்பலுக்குப் போனவர்கள். பழைய கன்டெய்னர் ஒன்றில் ஜன்னல் வெட்டி ஏசி மாட்டிப் பயிற்சி அறையாக்கியிருந்தார்கள். அதுதான் அவள் ராஜ்யம். ஹெட்செட்டின் பெருமைகளை விற்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அதன் பாடுகளை அன்றாடம் பட்டவள் அவள். அரைக்கிலோ கனம் முழுக்க முகத்தின் முன்பக்கமே தொங்கும். கழற்றினால் கன்னத்தில் வட்டமாகத் தடம் விழுந்திருக்கும். பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. வெயில் ஏறி ஏசி திணறுகிற மத்தியானங்களில், உள்ளே இருக்கிற குட்டி விசிறி இரைந்து இரைந்து பார்த்துவிட்டு, சூடு அதிகம் என்று எழுதிக் காட்டிவிட்டு அணைந்துபோகும். நெற்றியில் அழுந்துகிற பஞ்சு வியர்வையில் ஊறி நாறும். ஒன்றை யாரோ ஜன்னலோரம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட, வெயில் லென்ஸ் வழியாக இறங்கித் திரையைப் பொசுக்கிவிட்டது. அன்றிலிருந்து ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. இவ்வளவுக்கும் மேல் ஈவாஞ்சலின் மூக்குக்கண்ணாடி போடுகிறவள். அதோடு ஹெட்செட்டை மாட்டினால் மூக்குத் தண்டு கன்றிப்போகும். ஆனாலும் அந்தச் சாமான்கள்மேல் அவளுக்கு ஒரு பிரியம் இருந்தது. பயிற்சி அறை கிரேனை அவளைப்போல அலுங்காமல் ஓட்ட யாராலும் முடியாது.

பானுப்ரியாவின் முறை வந்ததும் ஈவாஞ்சலின் அவள் பின்னலை ஒதுக்கி, வாரை இழுத்து மாட்டி, லென்ஸைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவர அடியில் இருந்த சின்னச் சக்கரத்தை உருட்டச் சொன்னாள். பானுப்ரியா அது நிற்கிற இடம்வரை உருட்டினாள். தெளிவாக இருக்கிறதா என்று கேட்டாள் ஈவாஞ்சலின். எது தெளிவு என்று தெரிந்தால்தானே சொல்ல? இது இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு பானுப்ரியா தலையாட்டினாள்.

யார்டு அவளுக்குத் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பதுபோலத் தெரிந்தது. கன்டெய்னரின் ஓரங்கள் இரண்டிரண்டாகப் பிரிந்தன. கயிற்றில் தொங்குகிற இரும்புச் சட்டத்தை இறக்கி, கன்டெய்னரின் நான்கு மூலையிலும் உள்ள ஓட்டைகளில் அதன் பூட்டுகளைப் பொருத்த வேண்டும். அவள் கண்ணுக்கு ஓட்டையே படவில்லை. யாரோ இரண்டு கண்ணையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறமாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை சில்லிட்டு, வாயில் நீர் ஊறியது. ஹெட்செட்டைக் கழற்றி ஈவாஞ்சலின் கையில் கொடுத்துவிட்டு வெளியே ஓடினாள். காலையில் தின்ற இட்லி அத்தனையும் வந்துவிட்டது.

கேன்டீனில் சமைக்கிற பிலோமி அதைப் பார்த்துவிட்டாள். உப்புப் போட்டு எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து கொடுத்து, முதுகைத் தடவி, எத்தனை நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று காதோடு கேட்டாள். மெஷின் மாட்டியதால் வந்தது என்று பானுப்ரியா சொன்னதை அவள் கேட்டுக்கொண்டாளே தவிர நம்பவில்லை. சாயங்காலம் வீட்டிலும் தலை சுற்றி இன்னொரு தடவை குமட்டியதும் செந்தில்முருகன் கண்ணில் ஒரு யோசனை தெரிந்தது. அவன் வாய் சும்மா இருக்காமல் உடன்குடியில் இருந்த தன் அம்மாவுக்குப் போன் போட, மறுநாள் மாமியார் சீனித்தாய் பஸ்ஸில் ஒரு பை மாங்காய் கொடுத்துவிட்டாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற மகன் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொண்டு அதில் பாதியைக் காலி பண்ணினான். பானுப்ரியாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அடுத்த தடவையும் அதேதான் நடந்தது. கூடப் பழகுகிறவர்களில் ஒருவனுக்கு லேசான தலைவலி, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. பெண்களுக்கு இது ஒத்துக்கொள்ளாதுபோல என்று அவர்களில் ஒருவன் சொன்னான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஈவாஞ்சலினும் அப்படி எங்கேயோ படித்திருந்தாள். அவளால் ஆனது, இஞ்சி மிட்டாய் வாங்கி வைத்தாள், விசிறியைப் பானுப்ரியா முகத்துக்கு நேரே திருப்பி வைத்தாள், நேரத்தைக் குறைத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

விஷயம் கிருபாநிதி காதுக்குப் போயிற்று. அவர்தான் பயிற்சிப் பிரிவுக்குத் தலைவர். இருபது வருஷத்துக்குமேல் கிரேன் ஓட்டியவர். குனிந்து கீழேயே பார்த்துப் பார்த்து அவர் கழுத்து முன்பக்கமாக வளைந்து போயிருந்தது. எதிரில் நிற்கிறவரைப் பார்க்கவே தலையைக் கொஞ்சம் தூக்கவேண்டும். அவர் பானுப்ரியாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து நயமாகவே பேசினார். எல்லாருக்கும் உயரம் ஒத்துக்கொள்ளாது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நல்ல ஃபோர்க்லிஃப்ட் ஆளுக்குத் துறைமுகத்தில் எங்கே போனாலும் வேலை உண்டு என்றார். இந்த வாரம் பார்க்கலாம், அதற்கப்புறம் அவளே முடிவு செய்துகொள்ளட்டும் என்றும் சொன்னார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவளுக்கு மனசு போகவில்லை. விட்டுவிடட்டுமா என்று கேட்டாள். செந்தில்முருகன் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"ஏளா, அந்த வேலை உனக்குப் பிடிக்கலேன்னா நாளைக்கே விட்டுரு. ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ஆனா ஒரு மெசினு ஒத்துக்கலேன்னு மட்டும் விடாத. நீ இன்னும் கிரேனையே பாக்கலல்லா?"

அவன் சொன்னது சரிதான். அவள் இன்னும் கிரேனில் ஏறவே இல்லை.

மூன்றாம் தடவை மாட்டும்போது இனி இழக்க ஒன்றுமில்லை என்கிற மாதிரி ஒரு துணிச்சல் வந்துவிட்டது. தண்ணீருக்குள் தெரிகிற யார்டு மறுபடி வந்தது. கண்ணை இழுக்கிற இழுப்பும் வந்தது. வலி தாங்காமல் இடது கண்ணை இறுக்க மூடினாள்.

சட்டென்று எல்லாம் நின்றது. கன்டெய்னரின் ஓரங்கள் ஒன்றோடொன்று கூடிக்கொண்டன. மூலை ஓட்டை இப்போதும் திரையின் பொடிப்பொடிச் சதுரப் புள்ளிகளாகத்தான் தெரிந்தது, ஆனால் இருக்கிற இடம் தெரிந்தது. குமட்டல் மெல்ல இறங்கியது. அவள் கைப்பிடியை அசைத்தாள். சட்டம் இறங்கியது, நின்றது, கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தது, உட்கார்ந்தது. பூட்டு விழுந்ததைக் காட்டுகிற நாலு பச்சை விளக்கும் எரிந்தன. தூக்கினாள். லாரியில் வைத்தாள். அடுத்ததையும் தூக்கினாள்.

பயிற்சி எடுப்பவர் பார்ப்பது அப்படியே ஈவாஞ்சலினின் லேப்டாப்பிலும் தெரியும். அவள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இவ்வளவு சுத்தமாக அந்தக் குழுவில் யாரும் வைக்கவில்லை. பாடம் முடிந்ததும் பாராட்டிக்கொண்டே ஹெட்செட்டைக் கழற்றினாள். உள்ளே பானுப்ரியாவின் இடது கண், கன்னமெல்லாம் சுருங்கும்படி மூடிக்கிடந்தது.

"அக்கா, என்னத்துக்கு ஒரு கண்ண மூடியிருக்கிய?"

"ரெண்டு கண்ணாலயும் பாத்தாத்தான் மேடம் கொமட்டுது. ஒண்ண மூடினா ஒண்ணுமில்ல."

ஈவாஞ்சலின் ஹெட்செட்டை மேஜைமேல் வைத்தாள். அப்புறம் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். கண்ணாடி செய்யக் கொடுக்கும்போது கடைக்காரர் இரண்டு கண்மணிக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அளந்தது அவள் நினைவுக்கு வந்தது. அந்த அளவு தப்பினால் தலை வலிக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். மேஜை இழுப்பறையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்துவந்து பானுப்ரியாவின் புருவத்தோடு சேர்த்துப் பிடித்தாள். தூரத்துச் சுவரைப் பார்க்கச் சொன்னாள். அசையவேண்டாம் என்றாள். அளந்தாள். இன்னொரு தடவை அளந்தாள். ஐம்பத்தைந்து மில்லிமீட்டர். ஹெட்செட்டோடு வந்த புத்தகத்தைப் புரட்டினாள். லென்ஸ் இரண்டையும் எவ்வளவு நெருக்கினாலும் அறுபதுக்குக் கீழே வராது என்று அதில் போட்டிருந்தது. சக்கரம் நின்றுபோன இடம் அதுதான். அதற்குமேல் நெருக்க லென்ஸுக்கு நடுவில் இடமில்லை.

"அக்கா, கோளாறு உங்ககிட்ட இல்ல. உங்க கண்ணு இருக்க நெருக்கத்துக்கு இந்தப் பெட்டி வர மாட்டேங்கு. இத நான் மொத நாளே அளந்திருக்கணும்."

பானுப்ரியாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள். பிறகு அவள் தின்ற இஞ்சி மிட்டாயும், மாமியார் அனுப்பிய மாங்காயும், உயரம் ஒத்துக்கொள்ளாது என்று கேட்ட நயமான பேச்சும் எல்லாம் சேர்ந்து நினைவுக்கு வந்து கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கைகழுவுகிற இடத்துக்குப் போய்க் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நெருங்கியிருப்பதால் பார்த்தால் கோபக்காரிமாதிரி இருக்கிறாள் என்று சின்ன வயசில் வீட்டில் சொல்வார்கள். அதற்குமேல் அந்தக் கண்ணால் அவளுக்கு எந்தக் குறையும் வந்ததில்லை.

இரண்டு பேரும் சேர்ந்தே கிருபாநிதியிடம் போனார்கள். ஈவாஞ்சலின் ஸ்கேலையும் புத்தகத்தையும் காட்டி விளக்கினாள். அவர் தன் கண்ணையும் அளக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஹெட்செட் விற்றவர்களுக்கு அங்கேயே போன் போட்டார்கள். இந்த மாடலில் அதற்குமேல் வழியில்லை, பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துகிற அளவில்தான் செய்வோம், ஒவ்வொரு முகத்துக்கும் ஒன்று செய்ய முடியாதே என்று மறுமுனையில் இருந்தவர் சொன்னார். விலை கூடின இன்னொரு மாடல் இன்னும் கொஞ்சம் நெருங்கும், ஆனால் அது வர மாசக்கணக்காகும் என்றார். ஒற்றைக் கண்ணால் பாடத்தை முடிக்கலாமா என்று ஈவாஞ்சலின் கேட்டாள். கிரேன் ஓட்டுகிறவருக்கு இரண்டு கண்ணும் வேண்டும், ஒன்றை மூடித் தேறியதைத் தேர்ச்சி என்று எப்படி எழுதுவது என்று கிருபாநிதி தலையசைத்துவிட்டார்.

பேனாவை மேஜைமேல் வைத்தார். பிறகு தலையைத் தூக்கிப் பானுப்ரியாவைப் பார்த்தார்.

"அந்தப் பெட்டி வாரதுக்கு முந்தி நான் எத்தனையோ பேர மேல கூட்டிட்டுப் போய்ப் பழக்கியிருக்கேன். நாளைக்குக் காலைல ஏறிப் பாக்கியாம்மா? நான் பக்கத்துல இருப்பேன். கீழ பாக்க முடியலேன்னா உனக்கே தெரிஞ்சிரும்."

பார்க்கிறேன் சார் என்றாள் பானுப்ரியா.

மேலிடத்தில் அனுமதி வாங்குவதைக் கிருபாநிதி பார்த்துக்கொண்டார். காலையில் யார்டின் கடைசியில் வேலையில்லாமல் நின்ற ஒரு கிரேனை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். காற்று இன்னும் சூடேறவில்லை. பாதுகாப்புக் கச்சையை மாட்டிக்கொண்டு கிருபாநிதி முன்னால் ஏற, பானுப்ரியா அடுத்து, ஈவாஞ்சலின் கடைசி. ஹெட்செட்டுக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து எழுதவேண்டும் என்று அவளும் வந்திருந்தாள்.

ஏணிப்படியின் இரண்டாவது தட்டில் பின்னால் காலடிச் சத்தம் நின்றுவிட்டது. பானுப்ரியா திரும்பினாள். அங்கே தரை இரும்பு வலை. காலுக்கு அடியில் மண்ணும் லாரியும் ஆளும் தெரியும். ஈவாஞ்சலின் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி, முகமெல்லாம் வெளுத்து நின்றுகொண்டிருந்தாள். பயிற்சி அறையில் நூறு தடவை இதே உயரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு கிரேன் ஓட்டியவள். அந்த அறையில் காற்று அடிக்காது, இரும்பு அதிராது, கீழே விழுந்தால் அடிபடாது என்பதெல்லாம் அவள் முழங்காலுக்கு இவ்வளவு காலமும் தெரிந்தே இருந்திருக்கிறது.

"இங்கன இருந்துக்கிடுதேன் அக்கா. நீங்க போங்க."

பானுப்ரியா இரண்டு படி இறங்கி வந்து கையை நீட்டினாள்.

"கீழ பாக்காத ஏளா. என் சடையப் பாத்துக்கிட்டே வா. நான் மெதுவா ஏறுதேன்."

மேடம் போய் ஏளா வந்துவிட்டதை இருவரும் கவனிக்கவில்லை. ஈவாஞ்சலின் ஏறினாள். மேலே அறைக்குள் போனதும் மூலையில் தரையோடு தரையாக உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். நான் இங்கே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பானுப்ரியா இருக்கையில் உட்கார்ந்தாள். மனசைத் திடப்படுத்திக்கொண்டு, இரண்டு கண்ணையும் திறந்து, முழங்காலுக்கு நடுவில் கீழே பார்த்தாள்.

தெளிவு என்றால் என்ன என்று அப்போது தெரிந்தது. கன்டெய்னரின் மூலை ஓட்டை நான்கும் ஓட்டையாகவே தெரிந்தன. ஒன்றின் விளிம்பில் துரு பிடித்திருந்தது. கூரைத் தகரத்தில் தேங்கியிருந்த தண்ணீரை ஒரு காகம் குடித்துக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கினால் கப்பல்கள், அலைதடுப்புச் சுவர், முயல்தீவு, அதற்கப்பால் வெயிலில் பளபளக்கிற கடல். குமட்டல் வருகிறதா என்று வயிற்றைக் கவனித்தாள். பசித்தது. பதற்றத்தில் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை.

கிருபாநிதி கைப்பிடியைக் கொடுத்தார். நிறுத்துகிற பொத்தான்மேல் அவர் விரல் இருந்தது. முதல் தடவை சட்டம் கன்டெய்னருக்கு ஒரு முழம் தள்ளிப் போயிற்று. நிஜக் கயிறு ஆடுகிறது, நிஜக் காற்று தள்ளுகிறது. பெட்டிக்குள் இதெல்லாம் இவ்வளவு இல்லை. இரண்டாம் தடவை ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்தாள். அது எந்தப் பக்கம் போய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது மெல்ல மெல்ல முதுகில் வந்து பதிந்தது. இறக்கினாள். ஒரு மூலை மட்டும் இடித்தது. தூக்கி, மறுபடி இறக்கினாள். கனமான இரும்புச் சத்தத்தோடு சட்டம் உட்கார்ந்தது. நாலு விளக்கும் எரிந்தன.

கிருபாநிதி இன்னொரு கன்டெய்னரைக் கைகாட்டினார். மூலையிலிருந்து ஈவாஞ்சலின், பூட்டியாச்சா என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள். பூட்டியாயிற்று என்றதும் கைதட்டினாள், கண்ணைத் திறக்காமலே.

விதி எழுதினவர்களுக்கும் இதில் பிடிவாதம் இல்லை. ஹெட்செட் பொருந்தாதவர்கள் அதே பாடங்களைப் பெரிய டிவித் திரையில் பார்த்து, அதே நாற்காலியில் அதே கைப்பிடியோடு முடிக்கலாம் என்று கிருபாநிதி எழுதிக் கேட்டதை ஒத்துக்கொண்டார்கள். திரையில் பானுப்ரியா எல்லாப் பாடத்தையும் முடித்தாள். மற்றவர்களோடு சேர்ந்து மேலே பழகினாள். மழை தொடங்குவதற்குள் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. உடன்குடிக்கு அவளே போன் பண்ணிச் சொன்னாள். சீனித்தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியானால் மற்ற விசேஷம் ஒன்றும் இல்லையா என்று கேட்டாள். இல்லை அத்தை என்று சொல்லிப் பானுப்ரியா சிரித்தாள்.

அடுத்த குழு வந்தபோது ஈவாஞ்சலின் ஹெட்செட்டைத் தொடுமுன் ஒவ்வொருவர் கண்ணையும் அளந்தாள். அதில் செந்தூர்பாண்டி என்று ஒருவன், அகலமான முகம், ஆறடி ஆள். அவன் கண் இரண்டும் லென்ஸ் விரிகிற எல்லைக்கும் வெளியே இருந்தன. அவனைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தாள். அப்பாடா என்றான் அவன். அந்தப் பெட்டி தலைக்குள் போகாதே என்று காலையிலிருந்து அவனுக்குக் கவலையாம்.

பானுப்ரியா தனியாகக் கிரேன் ஓட்டின முதல் நாள் ஒரு கொழும்புக் கப்பலுக்குச் சரக்கு போய்க்கொண்டிருந்தது. லாரிகள் வரிசை கட்டி வந்தன. எடுத்தாள், வைத்தாள். இடையில் ஒரு தூறல் விழுந்து கண்ணாடியில் வழிந்து காய்ந்தது. வேலை முடிந்து இறங்கியபோது கழுத்து விண்ணென்று தெறித்தது. கிருபாநிதி சொல்லியிருந்தார், அது போகப்போகக் கூடும், ராத்திரி வெந்நீர் ஒத்தடம் கொடு என்று. வழியில் வண்டியை நிறுத்தி மூன்று பேருக்கும் பொரிச்ச பரோட்டா வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மகன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். செந்தில்முருகன் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அடுப்பில் தண்ணீரை வைத்தான்.